ஹேங்கர் தூணுக்கு சிமெண்ட் சட்டை போடாதீர்கள்

செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்கிற யாருக்கும், பழைய ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) ஒன்றைச் சீராக்கி விமான அருங்காட்சியகம் வைத்தால் என்ன என்று தோன்றும். வேலைக்கு ஆளும் இருக்கிறது. கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் பழுது பார்த்துக் கைதேர்ந்த மேஸ்திரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் காரையும் தேக்கும் ஒரு குணம், இரும்பும் ரிவெட்டும் வேறு குணம். இரும்பு ஷெட்டைப் புதிதாகத் தொடுகிறவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏற்கெனவே செய்து பட்டவைதான். சாரம், பெல்ட், தலைக்கவசம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது தெரியாதவர் மேலே ஏறக்கூடாது.

தூண் அடியைச் சிமெண்டில் புதைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும். தூண்களின் அடியில் துருவேறிய பேஸ் பிளேட்டும் (தூண் உட்காரும் இரும்புத் தகடு) போல்ட்டும் அசிங்கமாகத் தெரியும். "மேஸ்திரி, ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் போட்டுப் பூசிவிடுங்கள்" என்று யாராவது சொல்வார். ஒரே நாளில் எல்லாத் தூணுக்கும் வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. எல்லோரும் கைதட்டுவார்கள்.

புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பைக் காக்கும் என்பது உண்மைதான், முழுக்கப் புதைந்த கம்பிக்கு. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிற தூணுக்கு அது பொருந்தாது. வெயிலில் ஷெட் அசையும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ் 26 மீட்டர் அகலம் என்றால், அதன் சூடு 30 டிகிரி ஏறினால் நீளம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கூடும். அந்த அசைவில் இரும்புக்கும் சட்டைக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தூண் வழியாக வழிந்து அதற்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் காற்றுப்படாமல் உள்ளேயே நிற்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் முதலில் சட்டை நெடுக வெடிக்கும். வெடிப்பு கண்ணில் பட்டதும் மறுபடி சிமெண்ட் பால் ஊற்றி அடைப்பார்கள். அதோடு உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அதிகம் தின்னப்படுவது சட்டையின் மேல் விளிம்பை ஒட்டிய இடம். ஷெட்டின் பாரமும் காற்றின் தள்ளலும் போய்ச் சேருகிற இடமும் அந்த அடிப்பகுதிதான்.

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணை யாரும் தரையில் புதைக்கவில்லை. கல் பீடத்தின் மேல் நிறுத்தி, ஈரமும் கரையானும் அண்டாமல் தூக்கி வைத்தார்கள். அந்த வீட்டைப் பழுது பார்க்கிற கையே ஹேங்கருக்கு வந்ததும் தூணைப் புதைக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஏற்கெனவே போட்ட சட்டையை எடுக்க வேண்டுமானால் வரிசை முக்கியம். பொறியாளர் கணக்குப் போட்ட பிறகே தூணைத் தொட வேண்டும். டிரஸ்ஸின் உறுப்புகள் கூடும் முனைக்கு நேர்கீழே முட்டுக் கொடுங்கள், இரண்டு முனைக்கு நடுவே கொடுத்தால் கீழ் உறுப்பு வளைந்துவிடும். முட்டின் அடியில் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால்தான் பாரம் பரவும். ஜாக்கியால் ஓரிரு மில்லிமீட்டர் ஏற்றினால் போதும், பாரம் முட்டுக்கு மாறிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் கூரைத் தகடு கிழியும். காற்றுக்கு எதிராகப் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு தூண்களை ஒரே நேரத்தில் பிரிக்கவே கூடாது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவும் கூடாது.

கான்கிரீட்டைக் கை உளியால் எடுங்கள். பிரேக்கர் மெஷினின் அதிர்வு மெலிந்த தகட்டைப் பிளக்கும். துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக் கம்பி பிரஷ் போட்டபின், அடியிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரம் வரை 50 மில்லிமீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். அதற்கு ஒலியலையால் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் வேண்டும். வெர்னியர் தகட்டின் ஓரத்தை மட்டுமே அளக்கும். அதே தூணின் மேலே, நல்ல நிலையில் உள்ள இடத்தின் தடிமனோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு போயிற்று என்று தெரியும். 10 மில்லிமீட்டர் 6 ஆகியிருந்தால் பெயிண்ட் பேச்சே வேண்டாம். இரு பக்கமும் தகடு வைத்து, நல்ல இரும்பு வரை நீட்டி போல்ட் போட வேண்டும்.

பேஸ் பிளேட்டின் கீழே இடைவெளியை நிரப்பச் சுருங்காத கிரவுட் கலவை. அதன் மேல்முகம் தரையைவிட உயர்ந்தும், வெளிப்பக்கம் சரிந்தும் இருக்கட்டும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், எபாக்சி, மேலே ஒரு கோட் பாலியூரிதேன். தூணைச் சுற்றி ஜல்லி போட்ட வடிகால். அசிங்கமாகத் தெரிகிறது என்றால் எளிதில் கழற்றக்கூடிய மரப் பெட்டி செய்து மூடுங்கள், அடியில் காற்றுக்கு இடைவெளி விட்டு.

பழைய இரும்பில் வெல்டிங்

போருக்கு முந்தைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருக்கலாம், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். ஒரு சிறு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பாமல் வெல்டிங் ராடைத் தொடாதீர்கள். தளர்ந்த ரிவெட்டை எடுத்துவிட்டு உயர்வலு போல்ட் போடுவதே பாதுகாப்பு. அடியில் இருக்கும் பழைய ஆரஞ்சுப் பூச்சு ரெட் லெட் என்ற ஈயப் பெயிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் தீ வைத்தால் ஈயப் புகை, மணல் வீசினால் ஈயத் தூசி. இரண்டும் நுரையீரலுக்குத்தான் போகும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரஷர் வாஷ் செய்வது

வேண்டாம். நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். உலர்ந்த தரையை விளக்குமாற்றால் பெருக்கக்கூடாது.

டிரஸ்ஸில் விமானத்தைத் தொங்கவிடுவது

அந்த டிரஸ் கூரைத் தகட்டையும் காற்றையும் நினைத்துக் கட்டியது. சிறு கிளைடர் என்றாலும் கணக்கு இல்லாமல் தொங்கவிடக்கூடாது. கம்பி கட்டுவதும் உறுப்புகள் கூடும் முனையில் மட்டும்.

பெரிய கதவை அடைத்துவிட்டுச் சுவர் கட்டுவது

ஏசி வைக்கும் ஆசையில் செய்கிறார்கள். அப்புறம் அடுத்த விமானம் எப்படி உள்ளே வரும்? கதவைத் திறந்து வைத்தாலுமே அளவு இடிக்கும். போர்க் காலத்து பெல்மேன் வகை ஹேங்கரின் வாசல் ஏறத்தாழ 87 அடி, அந்தக் காலத்து டகோட்டா சரக்கு விமானத்தின் இறக்கை 95 அடி. வெளி இறக்கைகளை போல்ட் கழற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். கழற்றி மாட்ட இடமும் வேண்டும். கதவு ஓடும் தண்டவாளப் பள்ளத்தை மண் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்

ஊர்ப்பற்று புரிகிறது. வரவேற்பறைக்குப் போடுங்கள். ஹேங்கர் தரையில் ஜாக்கியின் அழுத்தம் ஒரே புள்ளியில் விழும்போது கல் நொறுங்கும், ஒழுகும் ஹைட்ராலிக் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய கான்கிரீட் தரையே போதும். சக்கரத்துக்கு அடியில் எஃகுத் தகடு, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தட்டு.

புறா

வலை. விமானம் உள்ளே வருவதற்கு முன்பே. எச்சம் அலுமினியத்தை அரிக்கும்.