ஆல்ப்ஸ்ல முதல் ரோடு சைக்கிள் ரைடு: வின்ஷ்காவ் பள்ளத்தாக்குல எப்படிப் போறது

ஆல்ப்ஸ்ல சைக்கிள் ஓட்டணும்னு ஆசைப்படுற எல்லாரும் முதல்ல கேக்குறது ஸ்டெல்வியோ பாஸ்ங்கற மலைக்கணவாய் பத்திதான். 2,757 மீட்டர் உயரம், பிராட்ங்கற ஊர் பக்கமிருந்து ஏறினா 48 ஹேர்பின் வளைவு, முதல் ரைடுக்கு அது வேணாங்க. அதே மலைக்குக் கீழ, வட இத்தாலியோட சவுத் டிரோல்ல வின்ஷ்காவ்னு ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அடிஜே ஆத்தை ஒட்டியே சைக்கிள் பாதை போகும், பெரும்பாலும் தார் போட்டது, கார் தொல்லை ரொம்பக் கம்மி. ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

ஸ்டெப் 1: மேலயிருந்து கீழ வாங்க

மேல ரெஷென் ஏரி சுமார் 1,500 மீட்டர்ல இருக்கு, கீழ மெரானோங்கற ஊர் 325 மீட்டர்தான். முழுசா ஓட்டினா 80 கிலோமீட்டர் கிட்ட வரும். ஆனா ஏரிக்குக் கீழ மால்ஸ்ங்கற ஊர் வரைக்கும் இறக்கம் செம செங்குத்து, அதனால முதல் நாள் மால்ஸ்லயே ஆரம்பிங்க, அங்கிருந்து 60 கிலோமீட்டர், நின்னு நின்னு போனாலும் 5 மணி நேரத்துல முடிச்சிடலாம். ஏரியை மட்டும் முந்தின நாள் பஸ்ல போய் பாத்துடுங்க. 1950ல அணை கட்டினப்ப கிராவுன்ங்கற ஊரே தண்ணிக்குள்ள போயிடுச்சு, 14ஆம் நூற்றாண்டு சர்ச்சோட மணிக்கூண்டு மட்டும் இன்னும் தண்ணிக்கு நடுவுல தனியா நிக்குது. அதைப் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஸ்டெப் 2: சைக்கிளைச் சரிபாருங்க

மால்ஸ் ஸ்டேஷன் பக்கத்துலயே வாடகைக்குக் கிடைக்கும், மெரானோல திருப்பிக் குடுத்துக்கலாம். ஏறி உக்காரதுக்கு முன்னாடி எந்த பிரேக் எந்த சக்கரத்துக்குன்னு அமுக்கிப் பாருங்க. நம்ம ஊர்ல வலது கை முன் சக்கரம், அங்க பெரும்பாலும் இடது கைதான் முன் சக்கரம், பழக்கதோஷத்துல தப்பா அமுக்கினா தலைகுப்புற விழ வேண்டியதுதான். அப்புறம் வலது பக்கமாதான் ஓட்டணும், எதிர்ல ஆள் வர்ற நேரத்துல இது மறந்துடும்.

ஸ்டெப் 3: இறக்கத்துல பிரேக் பிடிக்கிறது

பாதி பேர் தப்பு பண்றது இங்கதான், அதனால ஒரு காலி இடத்துல பத்து நிமிஷம் பழகிட்டுக் கிளம்புங்க. கையை ஹேண்டில்பார்ல கீழ வளைஞ்ச பகுதிக்குக் கொண்டு போங்க, அங்க பிடிச்சா பிரேக்குக்கு பலம் அதிகம், விரலும் வலிக்காது. வளைவு வர்றதுக்கு முன்னாடி, நேரா போறப்பவே ரெண்டு பிரேக்கையும் சேத்து அமுக்கி வேகத்தைக் குறைச்சிடுங்க, உடம்பைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, வளைவுக்குள்ள நுழைஞ்சதும் பிரேக்கை விட்டுடணும், வெளிப்பக்கக் காலு இருக்கற பெடல் கீழ இருக்கணும், கண்ணு டயர் முன்னாடி இல்ல, வளைவு முடியற இடத்தைப் பாக்கணும், ஏன்னா கண்ணு எங்க போகுதோ சைக்கிளும் அங்கதான் போகும். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வராதீங்க, சூடாகிடும், கையும் மரத்துப் போயிடும். அமுக்குங்க, விடுங்க, மறுபடி அமுக்குங்க.

ஸ்டெப் 4: ஓட்டுங்க, நிறுத்துங்க

மால்ஸ் தாண்டின கொஞ்ச நேரத்துலயே குளுர்ன்ஸ் வரும், சுத்திக் கோட்டைச்சுவர் இருக்கற குட்டி ஊர், காபிக்கு நில்லுங்க. அடுத்து லாஸ், வெள்ளை மார்பிளுக்குப் பேர் போனது. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம், தலைக்கு மேல பனி மலை. செப்டம்பர், அக்டோபர்ல அறுவடை நடக்கும், ட்ராக்டர் குறுக்க வரும், அவங்களுக்கு வழி விடுங்க, அது அவங்க வேலை. தண்ணிக்கு ஊர்ல இருக்கற குழாய்த் தொட்டியே போதும், 'கைன் டிரிங்க்வாசர்'னு போர்டு இருந்தா மட்டும் குடிக்காதீங்க. எல்லா ஊருக்கும் ஜெர்மன்ல ஒரு பேரு இத்தாலியன்ல ஒரு பேரு, மால்ஸும் மாலெஸும் ஒண்ணுதான், குழம்பாதீங்க.

கால் தளர்ந்திருக்கற கடைசி நேரத்துல டோல்ங்கற இடத்துல திடீர்னு ஹேர்பின் வளைவுகளோட மெரானோவுக்கு இறங்கும். முன்னாடியே நிறுத்தி, தண்ணி குடிச்சு, கையை உதறிட்டு இறங்குங்க.

ஸ்டெப் 5: திரும்பி வர்றது

மெரானோல இருந்து மால்ஸுக்கு ரயில் இருக்கு. 1990ல மூடின லைன், 2005ல மறுபடி திறந்தாங்க. சொந்த சைக்கிள்னா உள்ள இடம் கம்மி, சீசன்ல ஏத்த விடாம போகவும் வாய்ப்பு இருக்கு, முந்தின நாளே ஸ்டேஷன்ல கேட்டு வச்சுக்கோங்க.