வாவியில் விடியற்காலைப் படம்: ரோவா, ஜேபெக்கா?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று விடியும் நேரம் வாவியைப் படம் எடுத்தால் ஒரு தொல்லை வரும். வானம் பளீரென்று இருக்கும். தோணியும் வலை வீசுகிறவரும் கறுப்பாகிவிடுவார்கள். ஜேபெக் (JPEG), அதாவது கமராவே சுருக்கிச் சேமிக்கும் படத்தில், அந்த இருட்டைக் கணினியில் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். தோணி தெரிந்தது. ஆனால் அதன் விளிம்பெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து, வானமும் பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 வெளிச்சப் படிகள்தான். நுண்விவரங்களையும் அது சுருக்கும்போதே கழித்துவிடும். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புதான் ரோ (RAW). 14 பிட் ரோவில் 16,384 படிகள்.

சரி என்று கமராவை ரோவுக்கு மாற்றினேன். வானம் வெளுக்காதபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு இருட்டை மட்டும் இரண்டு ஸ்டொப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், உயர்த்தினேன். தோணியின் பலகை இடுக்கும், வலையில் கோத்த ஈயக்குண்டும் தெளிவாக வந்தன. கொஞ்சம் புள்ளி தெரியும். எனக்கு அது பரவாயில்லை. வானம் முழுக்க வெளுத்துப்போனால் மட்டும் ரோவாலும் மீட்க முடியாது.

கோயில் மண்டபக் கலியாணத்துக்கும் ரோதான். டியூப்லைட், மஞ்சள் பல்பு, வாசல் வெயில் எல்லாம் கலந்து கூறைச் சேலையின் சிவப்பைக் கெடுக்கும். ரோ என்றால் வைட் பலன்ஸை, அதாவது வெளிச்சத்தால் வரும் நிறச் சாயலை, பின்னால் திருத்தலாம்.

வெபர் மைதானத்தில் பந்தாட்டம் என்றால் நான் ஜேபெக்தான். ரோ கோப்பு பெரிது. தொடர்ந்து அமுக்கினால் கமரா எழுதி முடிக்கத் திணறும், கோல் விழும் கணம் கைநழுவும். அன்றைக்கே படம் கேட்கிற கலியாண வீட்டுக்கு இரண்டையும் சேர்த்தே பதிவேன். அதற்குப் பெரிய மெமரி கார்ட் வேண்டும்.