ரீகர்வ் வில்லுக்கு லிம்ப்: பவுண்டும் டில்லரும்

ரீகர்வ் என்பது நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்; லிம்ப் அதன் வளையும் கை. லிம்பில் அச்சிட்ட பவுண்டு (நாணை இழுக்கத் தேவையான விசை) 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். புதியவருக்கு 20–24 போதும். வீம்புக்கு 40 வாங்கினால் தோள்தான் கெடும்.

லிம்பைப் பிடிக்கும் போல்ட் உள்ள ரைசரானால் (வில்லின் நடுக் கைப்பிடிப் பகுதி) அடுத்தது டில்லர்: மேல் லிம்புக்கும் கீழ் லிம்புக்கும் நாணிலிருந்து உள்ள தூரத்தின் வித்தியாசம். நாண் பூட்டி, லிம்பும் ரைசரும் சேரும் இடத்திலிருந்து நாண்வரை செங்குத்தாக அளக்கவும். அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு என்று பிடித்தால் மேல் அளவு 3–6 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். மூன்றும் கீழே என்றால் சமம். மேல் அளவு இதைவிட அதிகமா? நாணைக் கழற்றி, மேல் போல்ட்டை அரைச்சுற்று முடுக்கினால் லிம்ப் விறைத்து அளவு குறையும்; பூட்டி மறுபடி அளக்கவும். மரையை ஒரேயடியாகத் தளர்த்துவது ஆபத்து.

நாண் முன்கையில் அடிக்கிறதா? நாணுக்கு நாலைந்து முறுக்கு கூட்டிப் பாருங்கள்.