கலிப்பர் போல்ட்டின் மரை போய்விட்டதா? துளைக்க முன் பாருங்கள்

பிறேக் பாட் மாற்றிவிட்டு, பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைப் பூட்டும்போது போல்ட் இறுகாமல் சும்மா சுற்றினால், இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டாம். கழற்றிப் பாருங்கள். போல்ட்டின் பல்லில் சுருளாக இரும்புத் துருவல் சுற்றி வந்தால் உரிந்திருப்பது ஓட்டையின் மரை. புதுப் போல்ட் விரலாலேயே கடைசிவரை நேராகப் போய் இறுகினால் பழைய போல்ட்தான் பழுது. வேலை அதோடு முடிந்தது.

கிரவல் வீதித் தூசியும் மாரி மழையும் சேர்ந்து மரைக்குள் துருப்பிடித்தால், கழற்றும்போதே பாதி மரை கையோடு வந்துவிடும். மிச்சத்தை இம்பாக்ட் கன் முடித்துவைக்கும். எந்தப் போல்ட்டையும் முதல் நாலைந்து சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். பிழையான போல்ட்டும் அடிக்கடி நடக்கிற காரியம். 12 மில்லிமீற்றர் போல்ட் 1.25 பிச்சிலும் வரும், 1.5 பிச்சிலும் வரும். பிச் என்பது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையிலான தூரம். கடையில் ‘பன்னிரண்டு போல்ட்’ என்று கேட்டால் சிலர் ஸ்பானர் அளவை நினைத்து 8 மில்லிமீற்றர் போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். பழைய போல்ட்டைக் கொண்டுபோய், புதியதோடு பல்லுக்குப் பல் பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம்.

அடுத்து, மரை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். செலவைத் தீர்மானிப்பது இதுதான். கலிப்பரைப் பிடிக்கும் சிறிய போல்ட் பெரும்பாலும் கலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைட் பின்னுக்குள்தான் ஏறும். பின்னை மாற்றினால் சரி. கலிப்பரைத் தாங்கும் பிறக்கற்றையும், சில்லைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் பெரிய போல்ட் சில கார்களில் பிறக்கற்றில் ஏறும், சிலவற்றில் நக்கிளில் ஏறும். பிறக்கற் என்றால் துளைத்து மினக்கெட வேண்டாம். வவுனியாவிலோ பஞ்சிகாவத்தையிலோ பாவித்த பிறக்கற் ஒன்று தேடுவதே புத்தி. பிறேக் ஹோஸ் பூட்டும் ஓட்டையோ, காற்றெடுக்கும் நிப்பிள் ஓட்டையோ போயிருந்தால் கலிப்பரையே மாற்றுங்கள். அங்கே ஒயில் அழுத்தம் நிற்க வேண்டும்.

நக்கிளில் முதல் இரண்டு மூன்று மரை மட்டும் நசுங்கியிருந்தால் அதே அளவு டாப்பால் (மரை வெட்டும் கருவி) துப்புரவாக்கினால் போதும். ஓட்டை மறுபக்கம் திறந்திருந்தால் நல்ல மரை இருக்கிற அந்தப் பக்கத்தால் டாப்பை ஏற்றுங்கள், கோணல் வராது.

முழுதாக உரிந்திருந்தால் ஹெலிகொயில், அதாவது பெரிதாக்கிய ஓட்டைக்குள் ஏற்றிப் புது மரையாக்கும் கம்பிச் சுருள். போல்ட்டின் அளவும் பிச்சும் பார்த்து செட்டாக வாங்குங்கள். ட்ரில் பிற், அதற்கான டாப், சுருள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சாதாரண 12 டாப் இதற்கு உதவாது. சுருளின் நீளம் போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

மணல் தரையில் ஜக்கின் அடியில் தடித்த பலகை வைத்து, ஸ்டாண்டில் காரை இருத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். கலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கையும் சென்சரையும் துணியால் மூடுங்கள்.

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் ட்ரில் சரிவதால்தான். ஓட்டை இரண்டு பாகை சரிந்தாலே போல்ட்டின் தலை ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். கை ட்ரில்லில் நம்பிக்கை இல்லையென்றால் நக்கிளைக் கழற்றி லேத் பட்டறையில் நிலை ட்ரில்லில் போடுவிப்பதே நல்லது. வார்ப்பிரும்பை உலர்வாகவே துளைக்கலாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். டாப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று விடுங்கள். முரடாக முறுக்கினால் டாப் உள்ளேயே முறியும். முறிந்த டாப்பை எடுப்பது மரை போட்டதைவிடப் பெரிய வேலை.

துருவலை ஊதி, பிறேக் கிளீனரால் கழுவி உலரவிட்டுச் சுருளை ஏற்றுங்கள். அது மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். மேலே துருத்தினால் போல்ட் இறுகியதுபோல் ஏமாற்றும். சுருளின் அடியிலுள்ள குறுக்குக் காலைப் பஞ்ச் கம்பியால் தட்டி முறித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

புதுப் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் 12 போல்ட்டுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவிலும், 8 போல்ட்டுக்கு 25 முதல் 35 வரையும் வரும். உங்கள் காரின் மனுவல் சொல்வதே முடிவு.

ஓட்டைக்குள் தகரம், கம்பி செருகுவது, எபொக்சி நிரப்புவது, வார்ப்பிரும்பில் வெல்டிங் பிடிப்பது எதுவும் பிறேக்குக்கு ஆகாது. வெல்டிங் சூட்டில் வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். மற்றவை சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போது கழன்றுவிடும்.

ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப டோர்க் பாருங்கள். போல்ட் அசையக் கூடாது. அசைந்தாலோ, கழற்றும்போது சுருளும் சேர்ந்து வந்தாலோ, இன்னொரு சுருள் போட முனையாமல் நக்கிளை மாற்றி, சில்லு எலைன்மென்ட்டும் செய்வித்துக்கொள்ளுங்கள்.