நீதிமன்ற நட்டஈடு: வன்னியில் நாம் அடிக்கடி விடும் தவறுகள்

வாள்வெட்டு, பாலியல் வன்முறை, கொலை என்று எந்தக் கொடுமை நடந்தாலும், குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. பாலியல் வல்லுறவு வழக்கென்றால், 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் வந்த திருத்தத்தின்படி நட்டஈடு கட்டாயம். அப்படியிருந்தும் நம் பக்கத்தில் பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்கிறவர்களிலும் சிலர் பிழையான கதவைத் தட்டுகிறார்கள்.

அந்தப் பிழையான கதவு பெரும்பாலும் இழப்பீடுகளுக்கான அலுவலகம். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த அலுவலகம், போரில் உயிரையும் உடைமையையும் இழந்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும் அரசு கொடுக்கும் இழப்பீட்டைப் பார்க்கிறது. போன வருடம் நடந்த வாள்வெட்டுக்கு அங்கே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் காலம்தான் போகும். பிரதேச செயலகத்தில் எத்தனையோ படிவம் நிரப்பிக் களைத்த சனம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் நீதிமன்ற நட்டஈட்டின் பாதை வேறு. அது பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி, தீர்ப்பு நாளில் முடிவாகிறது. அதுபோலவே தண்டப்பணத்தையும் நட்டஈட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்டப்பணம் அரசுக்குப் போகும், நட்டஈடுதான் உங்களுக்கு வரும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது, இழந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது. வழக்கில் சாட்சி சொன்னால் போதும், மிச்சத்தை நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று நம்பிவிடுகிறோம். வெட்டு எவ்வளவு ஆழம் என்பதைச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை சொல்லும். அந்தக் கையால் இனி வலை இழுக்க முடியாது என்பதையும், பிள்ளை பயத்தில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதையும் யார் சொல்வது? குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குற்றம் தன் உடலையும் மனத்தையும் தொழிலையும் வருமானத்தையும் எப்படிப் பாதித்தது என்பதைப் பாதிக்கப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லும் உரிமை இந்தச் சட்டவழியில் வந்ததுதான். அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

ஆயத்தம் என்றால் கடதாசிகள்தான். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அதனால் பில் இல்லை, பில் இல்லாததால் செலவும் இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக்குக்குப் போய்வந்த பஸ் காசு, ஓட்டோக் காசு, வெளியில் வாங்கிய மருந்து, துணைக்கு நின்றவர் இழந்த நாட்கூலி எல்லாமே செலவுதான். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள், போன திகதிகள் அதில் இருக்கும். கூலி வேலைக்குச் சம்பளப் பற்றுச்சீட்டு கிடைக்காது, சரி. கடற்றொழிலாளர் சங்கத்திடமோ கமக்காரர் அமைப்பிடமோ வேலை தந்தவரிடமோ ஒரு கடிதம் வாங்கலாம். காயம் ஆறுவதற்கு முன்பே படம் எடுத்து, திகதியோடு வையுங்கள்.

முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கும்போதும் கவனம் தேவை. சிங்களத்தில் எழுதியதை விளங்காமல் ஒப்பமிட்டுவிட்டு, பின்னர் சாட்சிக் கூண்டில் முரண்பட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். வீடு மாறினால் புது முகவரியைப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவியுங்கள், இல்லாவிட்டால் அழைப்பாணை பழைய காணியின் வேலியோடு நின்றுவிடும்.

எதிரியின் ஆட்கள் இரவில் வந்து ஒரு தொகையை நீட்டி, "வழக்கை விடுங்கோ" என்று கேட்பதுண்டு. பணக் கஷ்டத்தில் அதை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கொலை, பாலியல் வல்லுறவு வழக்குகளை இப்படிச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் ஒதுங்கினால் சாட்சியம்தான் பலவீனமாகும். மிரட்டினால் அது தனிக் குற்றம், உடனே முறையிடலாம்.

தீர்ப்பு வந்த அன்றே காசு கைக்கு வரும் என்று நம்பிக் கடன்படவும் வேண்டாம். விசுவமடுவில் 2010இல் நடந்த கூட்டுப் பாலியல் வல்லுறவு வழக்கில் யாழ். மேல் நீதிமன்றம் 2015இல் நான்கு இராணுவத்தினருக்குச் சிறைத்தண்டனையோடு நட்டஈடும் விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றத்தீர்ப்பு நீங்கினால் அதோடு வந்த நட்டஈட்டுக் கட்டளையும் நிற்காது.

அதனால் குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று இருந்துவிடாமல், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுத் தனியாகக் குடியியல் வழக்குப் போடுவதைப் பற்றியும் நேரத்தோடு விசாரியுங்கள். அதற்குப் பொதுவாக இரண்டு வருடக் கெடுதான் உண்டு. மேல் நீதிமன்ற விசாரணைகள் அதைத் தாண்டிப் போவது வழமை. சட்டத்தரணிக்குக் கட்டக் காசில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டுப் பிரதி, வழக்கு இலக்கம், வைத்தியக் கடதாசிகள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.