ரைஃபிள் கேஸை ரீசைஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த பித்தளைக் கேஸ், அதாவது தோட்டாவின் உறை, துப்பாக்கியில் அது உட்காரும் அறையான சேம்பரின் அளவுக்கு உப்பிப்போயிருக்கும். அதை டை எனும் அச்சுக்குள் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீசைசிங். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது பழகிய வேலை. பழகியதாலேயே கவனம் தப்புகிறது.

முதலில் லூப், அதாவது மசகுப் பூச்சு. பூசாமல் ஏற்றினால் கேஸ் டைக்குள் இறுகிவிடும். பலமாக இழுத்தால் விளிம்பு கிழிந்து வரும், கேஸ் உள்ளேயே நிற்கும். அதற்குப் பயந்து அள்ளிப் பூசினாலும் தப்புதான். போக இடமில்லாத லூப், கேஸின் உடம்பு கழுத்தாகக் குறுகும் தோள்பகுதியில் குழி விழ வைக்கும். விரல் நுனியில் தொட்டு உடம்பில் மெல்லிசாகத் தேய்த்தால் போதும், கழுத்தின் உள்ளே துளி. தோளில் வேண்டவே வேண்டாம்.

பெரிய தவறு டையை இறக்குவதில்தான் நடக்கிறது. 'கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, அப்புறம் கால் சுற்று' என்பது பொதுவான குறிப்பு. உங்கள் சேம்பரை அளந்து சொன்னதல்ல. தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போனால், அடுத்த முறை சுடும்போது கேஸின் முன்பாதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை நோக்கி இழுபடும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, சில முறை சுட்டதும் கேஸ் இரண்டாகிவிடும். வெளியேறும் சூடான வாயு சுடுகிறவரின் முகத்துக்கே வரலாம். சுட்ட கேஸில் அடியிலிருந்து தோள்வரை உள்ள நீளத்தை கம்பேரேட்டர் என்ற அளவுகருவி வைத்து அளந்து, கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் மட்டும் தோளைத் தள்ளுங்கள்.

அடிப்பக்கம் பளபளவென்று வளையம் தெரிகிறதா? சுவர் மெலிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். டை நின்ற இடத்திலும் அப்படி ஒரு கோடு விழும், அது பரவாயில்லை. பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்சுவரில் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுனி சிக்கினால் யோசிக்காமல் அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்கள்.

நீளத்தை ரீசைஸ் செய்த பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தும்போது பித்தளை கழுத்துப் பக்கம் வளரும். 308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகத்தின் கேஸுக்கு உச்சம் 2.015 அங்குலம், தாண்டினால் 2.005க்கு வெட்டுங்கள். நீண்ட கழுத்தை சேம்பர் நெருக்கினால் குண்டு எளிதில் விடுபடாது, அழுத்தம் எகிறும்.

கடைசியாக லூப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். வழுக்கும் கேஸ் சேம்பரைப் பற்றாது. சுடும்போது வரும் தாக்கம் முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.