எஸ்.எஸ். லைனுக்கு ஹைட்ரோ டெஸ்ட்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பிளான்டில் எது, எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் ஓட வேண்டும் என்பதை பிராசஸ் இன்ஜினியர் கொடுத்துவிடுவார். அதைத் தாங்கும் லைனைப் போட்டு, தாங்குகிறது என்று காட்டி ஒப்படைப்பது மெக்கானிக்கல் ஆட்களின் பொறுப்பு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் லைனில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பதுதான் ஹைட்ரோ டெஸ்ட். கடலூர் சிப்காட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஐசோமெட்ரிக் படத்தோடு (லைன் போகும் வழியைக் காட்டும் படம்) லைன் நெடுக நடந்து பாருங்கள். சேஃப்டி வால்வு, ரோட்டாமீட்டர் (ஓட்டம் அளக்கும் கருவி), கன்ட்ரோல் வால்வு எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது பிளைண்ட் (அடைக்கும் தகடு) போட்டுப் பிரியுங்கள். ஆவி போகும் லைன் என்றால் சப்போர்ட்டையும் பாருங்கள். 10 அங்குல பைப்பில் தண்ணீர் நிரம்பினால் மீட்டருக்குச் சுமார் 50 கிலோ கூடும்.

2. பிராசஸ் பைப்பிங்குக்கான ஏஎஸ்எம்இ பி31.3 கோடு படி டெஸ்ட் அழுத்தம், டிசைன் அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.5 மடங்கு. 10 பாருக்கு 15 பார். அதிகச் சூட்டில் ஓடும் லைனுக்கு உலோகத்தின் வலு குறைவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

3. இனி தண்ணீர். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நம் ஊர்க் கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. எஸ்.எஸ். 304, 316 இரண்டுக்கும் குளோரைடு ஆகாது. டெஸ்ட் அன்று ஒன்றும் தெரியாது. டெட் லெக்கில் (ஓட்டமில்லாத முட்டுக் கிளையில்) தேங்கிய தண்ணீர் வற்ற வற்ற உப்பு செறிவாகும். அப்புறம் லைன் 60 டிகிரிக்கு மேல் சூடாகும்போது, இழுவிசை இருக்கும் வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். குளோரைடு 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்பதே பல கம்பெனிகள் வைத்திருக்கும் வரம்பு.

டிடிஎஸ் பேனாவை நம்ப வேண்டாம். அது கரைந்த உப்பையெல்லாம் சேர்த்துத்தான் காட்டும். அதில் குளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. ஒவ்வொரு டேங்கர் லாரியிலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்து லேபில் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்யச் சொல்லுங்கள். பாய்லர் ஹவுஸில் டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

4. கீழிருந்து நிரப்புங்கள். மேலே வென்ட் (காற்று வெளியேறும் வால்வு) திறந்தே இருக்கட்டும். குமிழி நின்று தண்ணீர் கம்பி மாதிரி ஒழுகிய பிறகு மூடுங்கள். சின்ன லைனுக்கு மோட்டார் பம்பைவிடக் கைப்பம்புதான் எனக்குப் பிடிக்கும். உள்ளே காற்று இருந்தால் எத்தனை அடி அடித்தாலும் கேஜ் (அழுத்தமானி) முள் மெதுவாகவே நகரும். காற்று இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும்.

5. படிப்படியாக ஏற்றுங்கள். குறைந்தது 10 நிமிடம் நிறுத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிளைண்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

6. அழுத்தத்தை இறக்கி, வென்டைத் திறந்த பிறகே டிரெய்னைத் திறங்கள். இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். கடைசிச் சொட்டு வரை வடித்து, எண்ணெய் இல்லாத காற்றால் ஊதிக் காயவையுங்கள்.

பின்சேர்க்கை: "லீக் இல்லை, ஆனால் கேஜ் தானாக ஏறுகிறதே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெயில்தான் காரணம். மூடிய லைனில் தண்ணீர் சூடானால் விரிய இடமில்லை. அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். விடியற்காலையிலேயே டெஸ்டை முடித்துவிடுங்கள். டெஸ்ட் பம்ப் பக்கம் ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம் இருக்கட்டும். லைனை நிரப்பி மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.